பட்டியல் எழுதாமல் போக வேண்டிய சந்தை

உழவர் சந்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே காய்கறி மலிவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது உண்மைதான் என்றாலும், மலிவை மட்டும் எதிர்பார்த்துப் போகிறவருக்கு அந்தச் சந்தை தன்னிடம் உள்ளதில் பாதியைத்தான் தரும். கோவையின் மேற்குப் பகுதியில் குடியிருக்கும் எங்கள் குடும்பம் வடவள்ளி உழவர் சந்தையிலும், அவ்வப்போது ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையிலும் நெடுங்காலமாகக் காய்கறி வாங்கி வருகிறது. வீட்டில் என் மாமியார், நாங்கள் இருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். கணக்குப் பார்த்துச் செலவு செய்ய வேண்டிய அளவான வருமானம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரம் முழுவதற்கும் என்ன சமைப்பது என்று வீட்டிலேயே தீர்மானித்து, பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு போகிறவருக்கு உழவர் சந்தை ஒரு சாதாரணமான கடை. விலைப் பலகையைப் பார்த்த பிறகு சமையலைத் தீர்மானித்துக்கொள்ளலாம் என்று வெறும் பையோடு போகிறவருக்கு, அதைவிட நல்ல கடை எங்கள் ஊரில் இல்லை.

இந்தச் சந்தை எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். பஞ்சாபில் 1987-இல் தொடங்கிய ‘அப்னி மண்டி’, ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் தொடங்கிய ‘ரைத்து பஜார்’ ஆகியவற்றுக்குப் பின், தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி மதுரை அண்ணா நகரில் திறந்துவைத்தார். ஒன்றரை ஆண்டுக்குள் மாநிலத்தில் ஏறத்தாழ நூறு சந்தைகள் வந்துவிட்டன. 2001-இல் ஆட்சி மாறிய பிறகு கவனிப்பாரின்றிப் பல சந்தைகள் களையிழந்தன. 2006-க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றன. விளைவித்தவர்தான் விற்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அதற்காக வேளாண் துறையினர் நிலத்தையும் பயிரையும் சரிபார்த்து, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை வழங்குகிறார்கள். கடைக்கு வாடகை இல்லை, எடை போட மின்னணுத் தராசு சந்தையிலேயே கிடைக்கிறது, அரசுப் பேருந்தில் கொண்டுவரும் காய்கறி மூட்டைக்குச் சுமைக் கட்டணம் இல்லை. தரகு, வாடகை, கூலி என்று இடையில் ஏறும் சுமைகள் பெரும்பாலும் இல்லாததால்தான் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கட்டுப்படியாகும் ஒரு விலை அங்கே நிற்கிறது.

அந்த விலையை விற்பவர் தீர்மானிப்பதில்லை. சந்தை அலுவலர்கள் அன்றன்று அதிகாலையில் மொத்தச் சந்தை நிலவரத்தைக் கேட்டறிந்து, மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி ஒவ்வொரு காய்க்கும் விலை குறித்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள எம்.ஜி.ஆர். மொத்தச் சந்தையில் ஒரு காய் கிலோ 20 ரூபாய்க்குப் போனால், உழவர் சந்தைப் பலகையில் அது 24 ரூபாயை ஒட்டி இருக்கும். தெருமுனைக் கடையில் 28 ரூபாய் கேட்பார்கள். நான்கு ரூபாய்க்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கைப் பின்னால் தருகிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியது, அந்தப் பலகை வாங்குகிறவரின் மனத்தில் செய்யும் வேலையைப் பற்றி.

பேரம் பேசத் தெரியாதவர்களுக்குக் காய்கறிக் கடை ஓயாத உறுத்தல் தரும் இடம். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தால் ஏமாந்துவிட்டோமோ என்ற எண்ணமும், குறைத்துக் கேட்டு வாங்கினால் உழைத்தவர் வயிற்றில் அடித்துவிட்டோமோ என்ற எண்ணமும் மாறி மாறி வரும். பலகை விலை இந்த இரண்டு உறுத்தலையும் ஒருசேர நீக்கிவிடுகிறது. விலையில் சண்டை இல்லாததால், கவனம் முழுவதும் காயின் மீது போகிறது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதற்கும், கத்தரிக்காயில் பூச்சித் துளை இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பதற்கும், அவரையை விரலால் நெருடி முற்றலைக் கண்டுபிடிப்பதற்கும் நேரம் கிடைக்கிறது. காய் வாங்கத் தெரியும் என்று எங்கள் வீட்டில் பெயரெடுத்தவர் என் மாமியார் ஒருவர்தான். இப்போது எங்கள் மூத்த மகளும் பீர்க்கங்காயின் நரம்பைத் தடவிப் பார்த்து வேண்டாம் என்று திருப்பி வைக்கிறாள்.

பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணமும் அந்தப் பலகைதான். சந்தைக்குள் நுழைந்ததும் நாங்கள் எந்தக் கடையிலும் நிற்காமல் பலகையை மேலிருந்து கீழாக ஒரு முறை படிப்போம். வாரந்தோறும் படிக்கிறவருக்கு எந்தக் காய் இறங்கியிருக்கிறது, எது ஏறியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். விலை இறங்கிய காய், பெரும்பாலும் அந்த வாரத்தில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நிறையப் பறிக்கப்படும் காயாகத்தான் இருக்கும்; ஆகவே அதுவே புதிதாகவும் சுவையாகவும் இருக்கும். மலிவும் சுவையும் ஒரே காயில் சேர்ந்து வருவது உழவர் சந்தையில் தற்செயல் அல்ல, வழக்கம். வெளிக்கடைகளில் மலிவு என்றால் நேற்றைய மிச்சமோ என்று சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. இங்கே மலிவு என்பது பருவத்தின் அடையாளம். இறங்கிய காய்களில் மூன்றைத் தேர்ந்து அவற்றை வாரத்தின் முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, ஏறிய காய்களில் பிள்ளைகளுக்குப் பிடித்த ஏதேனும் ஒன்றைக் கால் கிலோ மட்டும் வாங்குவோம்.

இந்த முறையில் வாங்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் சமையலறைக்கு மாதங்களே திரும்பக் கிடைத்தன என்று சொல்வேன். முருங்கைக்காய் கோடையில் கட்டுக் கட்டாக வந்து குவியும். அப்போது சாம்பார், பொரித்த குழம்பு, முருங்கைக்காய்ப் பொரியல், விதையோடு சதையை வழித்தெடுத்துச் செய்யும் கூட்டு என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்ளும் அளவுக்கு அதையே சமைப்போம். அதே காய் கார்த்திகை, மார்கழியில் பலகையின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் குளிரில் அவரையும் மொச்சையும் இறங்கி வந்திருக்கும். தை மாதத்து மொச்சையைத் தோலுரித்துக் கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைக்கும் நாட்களில் முருங்கைக்காய் இல்லையே என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பங்குனியில் மாங்காய் வரும், அதோடு பலாக்கொட்டை. ஆடியில் கொத்தவரையும் பாகலும் பீர்க்கும். ஆண்டு முழுவதும் பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு என்று ஒரே சுற்றில் சமைப்பவர்கள் கூடுதலாகச் செலவிடுவதோடு, ஒவ்வொரு காய்க்கும் காத்திருந்து உண்ணும் இன்பத்தையும் இழக்கிறார்கள் என்பது என் கருத்து. சிக்கனத்தைக் குறைத்துக்கொள்வது என்று நினைப்பவர்கள் ஒரு தை மாதம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரலாம்.

வடவள்ளிச் சந்தைக்குத் தொண்டாமுத்தூர், நரசீபுரம், ஆலாந்துறை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காய்கறி வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மண்ணும் தண்ணீரும் கொண்ட பகுதி அது. சின்ன வெங்காயம், தக்காளி, வாழை, பாகல், புடலை, கீரை ஆகியவை அங்கே சிறப்பாக விளைகின்றன. இவற்றில் கீரையைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, அகத்தி, புளிச்சக்கீரை என்று ஒரே வரிசையில் கிடைப்பதை வேறு எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. “வெடியால பறிச்சது அம்மிணி, வேரோட இருக்குது, நாளைக்கும் வாடாது” என்று சொல்லி, கீரை விற்கும் அம்மாள் கையில் கொடுக்கும் கட்டில் ஈர மண் ஒட்டியிருக்கும். மண்ணைக் கழுவ ஐந்து நிமிடம் கூடுதலாகும் என்பது குறையென்றால் குறை. ஆனால் குளிரூட்டிய அலமாரியில் நெகிழிப் பையில் சுருட்டி வைக்கப்பட்ட கீரையை ஒரு முறை கடைந்து பார்த்துவிட்டு, அடுத்த நாள் இதைக் கடைந்து பார்த்தால் மண் கழுவுவதற்கு யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

சின்ன வெங்காயம் வாங்கும்போது சற்று விழிப்போடு இருக்க வேண்டும். புதிதாகப் பிடுங்கிய வெங்காயம் விலை குறைவாக இருக்கும், ஆனால் ஈரம் மிகுந்திருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் அழுகத் தொடங்கும். தோட்டத்திலேயே பட்டறை போட்டு, அதாவது காற்றோட்டமாகக் குவித்து வைத்து, உலர வைத்த பழைய வெங்காயம் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாக இருந்தாலும், காற்றோட்டமான கூடையில் பரப்பி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். அரிசி பருப்புச் சோறும் தக்காளிக் குழம்பும் அடிக்கடி சமைக்கும் கொங்கு வீடுகளில் சின்ன வெங்காயம் நாள்தோறும் தேவைப்படுவதால், விலை இறங்கும் நேரத்தில் பட்டறை வெங்காயத்தை ஐந்து, பத்து கிலோவாக வாங்கி வைப்பதுதான் உண்மையான சேமிப்பு. எது புதியது, எது பட்டறையில் இருந்தது என்று கேட்டால் விவசாயிகள் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். மேல்தோல் சருகு போல உதிர்ந்தால் பழையது என்று நாமே கண்டுகொள்ளலாம்.

இனி கணக்கு. ஒரு குடும்பம் மாதம் 3,000 ரூபாய்க்கு வெளிக்கடையில் காய்கறி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதையே உழவர் சந்தையில் வாங்கினால் 15 சதவீதக் கணக்கில் 450 ரூபாய் மிஞ்சும். சந்தை ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருந்து, வாரம் ஒரு முறை ஸ்கூட்டரில் போய்வந்தால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் நாளில், மாதத்துக்கு ஏறத்தாழ 90 ரூபாய் செலவாகும். ஆகவே கையில் நிற்பது 360 ரூபாய். இது பெரிய தொகை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டியலோடு போய் வழக்கமான காய்களையே வாங்குகிறவருக்கான கணக்கு இது. பலகையைப் பார்த்து இறங்கிய காய்களை மட்டும் வாங்குகிறவர் 3,000 ரூபாய்க் காய்கறிச் செலவையே கீழே கொண்டுவந்துவிடுகிறார். எங்கள் வீட்டில் சேமிப்பின் பெரும்பகுதி 15 சதவீதத்தால் வந்ததல்ல, இந்த மாற்றத்தால் வந்தது. கிலோ 80 ரூபாய்க்கு விற்கும் பீன்ஸை 68 ரூபாய்க்கு வாங்குவதைவிட, அதன் இடத்தில் 20 ரூபாய்ச் சுரைக்காயைச் சமைப்பது எவ்வளவு மேல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மற்ற வழிகளோடு ஒப்பிடாமல் மதிப்புரை முழுமை பெறாது. கைப்பேசிச் செயலிகளில் கொத்தமல்லி ஒரு ரூபாய் என்று காட்டி உள்ளே அழைக்கிறார்கள்; பிறகு கொண்டுவரும் கட்டணம், கையாளும் கட்டணம் என்று சேர்த்து, இலவசமாக வீட்டுக்கு வர வேண்டுமென்றால் இன்னும் சில நூறு ரூபாய்க்கு வாங்கச் சொல்லும்போது தேவையில்லாத பிஸ்கட்டு பொட்டலம் ஒன்று கூடைக்குள் விழுந்துவிடுகிறது. பேரங்காடிகளில் சலுகை நாட்களில் சில காய்கள் உழவர் சந்தையைவிடவும் மலிவாகக் கிடைப்பது உண்டு. அது வாடிக்கையாளரை உள்ளே வரவழைப்பதற்கான விலை. அந்தக் காயை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வரும் மன உறுதி உள்ளவர்கள் தாராளமாக அங்கே வாங்கலாம். தள்ளுவண்டிக்காரரை மட்டும் நான் இந்தப் போட்டியில் சேர்க்க மாட்டேன். அவர் வாசலுக்கு வருகிறார், சில்லறை இல்லையென்றால் நாளை வாங்கிக்கொள்கிறார், கறிவேப்பிலையைக் கேட்காமலே கொசுறாகப் போடுகிறார். வீட்டில் இருவர் மட்டுமே இருக்கிற குடும்பத்துக்கும், நடக்க இயலாத முதியவர்களுக்கும் அவர் வாங்கும் கூடுதல் விலை நியாயமானதுதான்.

உழவர் சந்தை எல்லா விலையேற்றத்திலிருந்தும் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அதன் விலை மொத்தச் சந்தையோடு கட்டப்பட்டிருப்பதால், அங்கே ஏறினால் இங்கேயும் ஏறும். 2023 ஜூலையில் நாடு முழுவதும் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது உழவர் சந்தைப் பலகையிலும் அது உச்சத்தில்தான் இருந்தது. சென்னையில் நியாய விலைக் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் தக்காளியே வாங்கவில்லை. புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம், கொள்ளுப் பருப்புக் கடைசல் என்று தக்காளி தேவைப்படாத சமையல்களாகவே என் மாமியார் வரிசையாகச் செய்தார். தக்காளி இல்லாமல் சமைக்கவே முடியாது என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, தக்காளி எல்லாக் குழம்பிலும் நுழைந்தது அண்மைக்காலத்துப் பழக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது.

போகும் நேரத்தைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு சந்தைகளைப் பார்க்கலாம். ஆறு மணிக்குப் போனால் கீரையும் வெண்டையும் கத்தரியும் முதல் தரத்தில் கிடைக்கும். விடுமுறை நாட்களில் கூட்டம் நெரியும். பதினொரு மணிக்கு மேல் போனால் வகைகள் குறைந்திருக்கும். ஆனால் மூட்டையைத் திரும்பக் கொண்டுபோக விரும்பாத விவசாயிகள் மிஞ்சியதைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். சற்றுக் கனிந்த தக்காளி, வளைந்த புடலை, சிறுத்த பீட்ரூட் போன்றவை கூறு பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று போகும். அன்றே சமைக்கவோ பதப்படுத்தவோ முடிகிறவர்களுக்குத்தான் இந்த நேரம் ஏற்றது. கனிந்த தக்காளியை அன்றைக்கே நல்லெண்ணெயில் சுருள வதக்கித் தொக்காக்கிவிட்டால் மூன்று வாரத்துக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கவலை தீரும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் குப்பைக்குத்தான் போகும். மலிவாக வாங்கி வீணாக்குவதைவிட விலை கொடுத்து அளவாக வாங்குவது சிக்கனம் என்பதால், வாரநாளில் இந்தக் கூறுகளின் பக்கம் நான் போவதில்லை.

வாங்கி வந்த பிறகு வீட்டில் நடப்பதுதான் இந்தச் சந்தையின் உண்மையான பயன் என்று நினைக்கிறேன். பைகளைக் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டியதும் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கும். சின்னவன் பட்டாணியையோ மொச்சையையோ உரிப்பான், பாதி அவன் வாய்க்குள் போகும். பெரியவள் கீரையை ஆய்வாள். அவர்களின் அப்பா வெங்காயத்தைப் பரப்பி வைப்பார். என் மாமியாரின் ஆட்சியில் தோல், தண்டு, விதை எதுவும் வெளியே போகக் கூடாது. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும், முள்ளங்கியின் இலை பாசிப்பருப்போடு பொரியலாகும், காலிஃபிளவரின் தண்டு குழம்புக்குள் போகும், தண்டுக்கீரையின் இலை கடைசலாகவும் தண்டு மறுநாள் சாம்பாராகவும் இரண்டு வேளைக்கு வரும். வாழைப்பூவில் கள்ளன் எனப்படும் வேகாத நரம்பை நீக்கி ஆய்வது பொறுமை கேட்கும் வேலை. அதைத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து செய்தால் வேலையாகவே தெரிவதில்லை. கோடையில் கொத்தவரை இறங்கினால் உப்பு நீரில் அரை வேக்காடு வைத்தும், சுண்டைக்காயை நசுக்கி மோரில் ஊறவைத்தும் மொட்டை மாடியில் உலர்த்துவோம். மழைக்காலத்தில் காய்கறி விலை ஏறும் நாட்களில் அந்த வற்றலை வறுத்து, ரசச் சோற்றோடு வைத்தால் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு தின்கிறார்கள். கடையில் வாங்கும் பொட்டலத் தீனிக்கு இவ்வளவு சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு உழவர் சந்தை உதவாது. அவற்றுக்கு நியாய விலைக் கடைதான் துணை. அரிசி 2011 ஜூன் முதல் விலையின்றிக் கிடைக்கிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிச்சந்தையில் துவரம் பருப்பு நூறு ரூபாயைத் தாண்டி விற்கும் காலத்தில், அட்டைக்குக் கிடைக்கும் அந்த ஒரு கிலோ, மாதத்தின் முதல் பாதியைக் கடத்திவிடும். புழுங்கலரிசியைக் கல் பொறுக்கி, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்தால் இட்லி பஞ்சுபோல வரும். இதை வெளியே சொல்லத் தயங்குகிற வசதியான வீடுகளிலும் இட்லிக்கு அந்த அரிசிதான் ஊறுகிறது என்பது ஊரறிந்த இரகசியம். நியாய விலைப் பருப்பும் பட்டறை வெங்காயமும் சேர்ந்த அரிசி பருப்புச் சோற்றுக்கு, மேலே ஒரு கரண்டி நெய் விட்டால் விருந்தாளி வந்தாலும் வேறு எதுவும் செய்யத் தோன்றாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். விவசாயி அட்டையை வைத்துக்கொண்டு வியாபாரிகள் கடை போடுகிறார்கள் என்பது மாநிலத்தின் பல ஊர்களில் நெடுநாளாக எழும் புகார். வாங்குகிறவர் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சொந்தத் தோட்டத்துக் காயைக் கொண்டுவருகிறவரிடம் மூன்று நான்கு வகைகள்தான் இருக்கும். காய்களும் ஒரே அளவில் இருக்காது. மலைக் கேரட்டும் சமவெளி வெங்காயமும் முருங்கைக்காயும் வாழைக்காயும் ஒரே கடையில் அடுக்கி வைத்திருந்தால், அவை ஒரே தோட்டத்தில் விளைந்திருக்க முடியாது. பலகை விலைக்கு மேல் கேட்டுவிட்டு, இது முதல் தரம் என்று சமாதானம் சொல்கிறவர்களும் சில இடங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் வாதாடாமல் அடுத்த கடைக்குப் போவது நல்லது, அல்லது அலுவலகத்தில் சொல்லலாம். வண்டி நிறுத்த இடம் போதாமை, மழை பெய்தால் நடைபாதையில் சேறு, பயன்படுத்தத் தயங்க வேண்டிய கழிப்பறை ஆகியவையும் உழவர் சந்தைகளில் பொதுவாகக் காணும் குறைகள். மணிக்கணக்கில் உட்கார்ந்து விற்கும் பெண்களுக்கு அந்தக் கழிப்பறை எவ்வளவு முக்கியம் என்பதை நினைத்தால், இதுதான் முதலில் சரிசெய்யப்பட வேண்டியது.

புதிதாகப் போகிறவர்கள் துணிப்பை நான்கைந்து கொண்டுபோக வேண்டும். தக்காளிக்கும் கீரைக்கும் தனிப் பை அவசியம். பெரும்பாலான கடைகளில் கைப்பேசியில் பணம் செலுத்தும் அட்டை தொங்குகிறது என்றாலும், கீரைக்காரப் பாட்டிகளுக்காகப் பத்து, இருபது ரூபாய்த் தாள்களை வைத்துக்கொள்வது நல்லது. தராசில் காயை வைக்கும் முன் சுழியம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். ஊர்ப் பக்கப் பதிப்புகளில் நாளிதழ்கள் உழவர் சந்தை விலையை வெளியிடுவதால், கிளம்பும் முன் அதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்குப் பலகையின் முன்னால் நின்று முதல்முறையாகப் படிப்பதுதான் பிடித்திருக்கிறது.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். விலை, புதுமை, வகை ஆகிய மூன்றிலும் குறை சொல்ல இடமில்லை. குறைத்த ஒன்றில் பாதி கழிப்பறைக்கும் வண்டி நிறுத்தத்துக்கும். மீதிப் பாதி அட்டைச் சோதனைக்கு. நுழைவாயிலில் அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் நாள்தோறும் நடக்கத் தொடங்கினால் அந்த அரை மதிப்பெண்ணை அன்றைக்கே கூட்டிவிடுவேன்.